மூன்று ஆண்டுகளாகத் தொடரும் ‘கேஸ் மாத்திரை’: எப்படிச் சாப்பிடுவது, எப்போது விடுவது?

கேள்வி: எனக்கு 61 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணத்துக்கு அருகில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நெஞ்செரிச்சலும் மேல்வயிற்று வலியும் தாங்க முடியாமல் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டேன். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் சிறிய புண், உணவுக்குழாயின் அடியில் லேசான அழற்சி, ‘ஆர்.யு.டி. பாசிட்டிவ்’ என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது. இரண்டு வாரத்துக்குக் கொடுத்த மாத்திரைகளால் வாயெல்லாம் கசந்தது; நாலைந்து நாளில் நிறுத்திவிட்டேன். பான்டோப்ரசோல் 40 மி.கி. மட்டும் இன்றுவரை கடையில் வாங்கிச் சாப்பிடுகிறேன், காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு தைராய்டு, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்து. மூட்டுவலி வந்தால் வலி மாத்திரை போட்டுக்கொள்வேன். இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஞாபகமறதி வரும் என்று ஒரு காணொளியில் கேட்டுப் பயந்து சென்ற மாதம் ஒரே நாளில் நிறுத்தினேன். நான்காம் நாள் முன்னைவிட அதிகமாக எரிந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இனி ஆயுள் முழுக்க இதைச் சாப்பிட வேண்டியதுதானா? இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் சாப்பிடும் என் கணவருக்கு மருந்துக் கடையில் ஒமேப்ரசோல் கொடுக்கிறார்கள். அது சரியா?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

எண்டோஸ்கோப்பி அறிக்கையில் இருந்த சொற்களை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பொதுவாக இல்லாமல் உங்களுக்கென்று பதில் சொல்ல முடிகிறது. நீங்கள் கேட்டிருப்பது பான்டோப்ரசோலைப் பற்றி. ஆனால் கடிதத்தில் என் கண் நின்ற இடங்கள் வேறு: வாய் கசந்ததால் பாதியில் விட்ட மாத்திரைகளும், மூட்டுவலிக்கு நீங்களாகவே போட்டுக்கொள்ளும் மாத்திரையும். மூன்று ஆண்டுகளாகப் பான்டோப்ரசோலை விட முடியாமல் இருப்பதற்கான காரணத்தை இந்த இரண்டில்தான் முதலில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

‘அல்சர்’ என்ற சொல் நம்மிடையே மிகத் தாராளமாகப் புழங்குகிறது. புளித்த ஏப்பம் வந்தாலும், வயிறு உப்பினாலும், காரம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் ‘எனக்கு அல்சர் இருக்கிறது’ என்கிறோம். உண்மையில் உங்கள் அறிக்கையில் இருப்பவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுவது எதுக்களிப்பு. இரைப்பையின் உட்சுவரே அரிக்கப்படுவது புண். இரண்டுக்கும் ஒரே மாத்திரையைத் தருகிறோம் என்பதால் இரண்டும் ஒரே நோய் ஆகிவிடாது. எதுக்களிப்பில், உணவுக்குழாயும் இரைப்பையும் சேருமிடத்தில் இருக்கும் தசை வளையம் வேண்டாத நேரத்தில் தளர்கிறது. அதனால் அது விட்டுவிட்டு வரும், சிலருக்கு மாத்திரை நீண்ட காலம் தேவைப்படவும் செய்யும். புண் அப்படியல்ல. அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை நீக்கிவிட்டால் புண் ஆறும், திரும்பி வருவதும் வெகுவாகக் குறையும். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது, காரத்தால் வந்தது, கவலையால் வந்தது என்றெல்லாம் வீட்டில் சொல்வார்கள். அவை எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் இரைப்பைப் புண்களுக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும். உங்கள் கடிதத்தில் இரண்டுமே இருக்கின்றன.

‘ஆர்.யு.டி. பாசிட்டிவ்’ என்ற சொற்கள் அந்தக் கிருமியைத்தான் குறிக்கின்றன. எண்டோஸ்கோப்பி செய்யும்போது இரைப்பையின் உட்சவ்விலிருந்து அரிசி நொய் அளவுக்கு ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் நிற ஜெல்லில் வைப்போம். கிருமி இருந்தால் அதன் நொதி யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்கும். சிறிது நேரத்தில் துணுக்கைச் சுற்றி ஜெல் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும். உங்களுக்கும் அப்படித்தான் மாறியிருக்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982ஆம் ஆண்டு இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டும்வரை, அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்றே மருத்துவர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். மற்றவர்களை நம்ப வைக்க மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005ஆம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை ஆயுள் முழுக்க மருந்து, இல்லையென்றால் அறுவை சிகிச்சை என்றிருந்த புண், இரண்டு வார மருந்தில் தீரக்கூடிய ஒன்றாக மாறியது இவர்களால்தான்.

நீங்கள் நாலைந்து நாளில் நிறுத்தியது அந்த இரண்டு வார மருந்தைத்தான். வாய் கசந்தது, தகரத்தை நக்கியது போல இருந்தது என்று என்னிடமும் பலர் சொல்வதுண்டு. அந்தச் சேர்க்கையில் வரும் கிளாரித்ரோமைசின், மெட்ரோநிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் அப்படிச் செய்யக்கூடியவை. அந்தக் கசப்பு தீங்கில்லாதது, மருந்து முடிந்ததும் போய்விடும் என்பதைச் சீட்டு எழுதும்போதே சொல்லியிருந்தால் நீங்கள் பொறுத்துக்கொண்டிருப்பீர்கள். சொல்லாமல் விடுவது எங்கள் தரப்பின் குறை. ஆனால் விளைவு உங்களுடையதாகிவிட்டது: பாதி மருந்தில் கிருமி முழுவதும் சாவது அரிது, மிஞ்சியது அந்த மருந்துக்குப் பழகியும் போயிருக்கலாம். அதன் பிறகு நீங்கள் சாப்பிட்டு வரும் பான்டோப்ரசோல் அமிலத்தை அடக்குகிறது. அதனால் எரிச்சல் அடங்கியிருக்கிறது. கிருமியை அது தனியாக நின்று ஒழிக்காது. மாத்திரையை நிறுத்தினால் வலி திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994ஆம் ஆண்டே இந்தக் கிருமியை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் பெரியவர்களில் மிகப் பலரிடம் இந்தக் கிருமி உண்டு, அவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது என்பதால் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதை அப்படியே விட்டுவைக்கவும் கூடாது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். இரைப்பையில் புண் இருந்தவருக்கு, சிகிச்சை தொடங்கி எட்டு வாரம் அளவில் மறுபடி ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்து அது முழுவதும் ஆறிவிட்டதா என்று பார்ப்பதும், புண்ணின் விளிம்பிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பதும் வழக்கம். முன்சிறுகுடலில் வரும் புண்ணுக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது. இரைப்பைப் புண்ணுக்கு ஏன் தேவை என்றால், சில சமயம் புற்றும் சாதாரணப் புண் போலவே தோன்றும், அமிலத்தை அடக்கியதும் மேலோட்டமாக ஆறியது போலக் காட்டவும் செய்யும். உங்கள் கடிதத்தில் இரண்டாவது எண்டோஸ்கோப்பியைப் பற்றி ஒன்றும் இல்லை. செய்யவில்லை என்றால், இந்த வயதில், எனக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தால் நான் முதலில் எழுதித் தருவது அதைத்தான்.

கிருமி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் எந்தச் சோதனைக்கும், அது மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ எண்டோஸ்கோப்பியோ எதுவானாலும், பான்டோப்ரசோலை இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நான்கு வாரத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். ‘பாசிட்டிவ்’ என்றால் அநேகமாக நம்பலாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே செய்த சோதனையில் வந்த ‘நெகட்டிவ்’வை நம்ப முடியாது. பழைய சீட்டைக் கடையில் காட்டி அதே மாத்திரைகளை வாங்கிவிடாதீர்கள். முதல் முறை பாதியில் விட்டவருக்கு வேறு சேர்க்கையைத் தேர்ந்தெடுப்போம். அதில் பிஸ்மத் இருந்தால் நாக்கும் மலமும் கறுக்கும், அது தீங்கில்லாதது. மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்துக் கிருமி ஒழிந்ததா என்று மறுபடி சோதித்தால்தான் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு.

இனி மூட்டுவலி மாத்திரை. சில மாதங்களுக்கு முன் உங்கள் வயதையொத்த ஒரு அம்மா மஞ்சள் பை நிறைய மாத்திரைகளோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். மேசையில் கொட்டிப் பிரித்தபோது மூட்டுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று என்று மூன்று வெவ்வேறு பெயர்கள். பெரிய எழுத்தில் இருந்த பெயர்கள்தான் வேறு. அதன் கீழே பொடி எழுத்தில் இருந்தவை டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், மறுபடி டைக்ளோஃபெனாக். நான்கு மாத்திரை போதும் என்று கேட்டதால் கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டு ஒன்று. அதில் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அவருக்கு மலம் தார் போலக் கறுத்துப் போய், இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7க்கு இறங்கியிருந்தது. அவரும் தினமும் பான்டோப்ரசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான்.

‘சாப்பிட்டுவிட்டுத்தானே வலி மாத்திரை போடுகிறேன்’ என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். அது எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம், புண்ணைத் தடுக்காது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், ஆஸ்பிரின் போன்றவை இரைப்பைச் சுவரைத் தொட்டு மட்டும் கெடுப்பதில்லை. இரத்தத்தில் கலந்து, இரைப்பையின் காப்புப் படலத்தைப் பேணும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதையே குறைக்கின்றன. அதனால் ஊசியாகப் போட்டாலும் புண் வரும். பான்டோப்ரசோலைத் துணைக்கு வைத்துக்கொண்டால் ஆபத்து குறையும் என்பது உண்மை, இல்லாமல் போகாது. புண் இருந்த உங்களுக்கு, கிருமியும் இருக்கும் நிலையில், இவற்றைக் கடையில் கேட்டு வாங்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்தச் சொல்வேன். மூட்டுவலிக்குப் பாராசிட்டமால் இரைப்பைக்கு எவ்வளவோ சாதுவானது. ஈரலில் நோய் இல்லாதவர் 650 மி.கி. மாத்திரையை ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்குக்கு மேற்படாமல் எடுத்துக்கொள்ளலாம். வலிக்கும் இடத்தில் தடவும் ஜெல், தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி ஆகியவற்றின் பயனை நம்மவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் புண் இருந்த செய்தியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மாத்திரைக்கு வருகிறேன். அதை நீங்கள் சாப்பிடும் நேரமே தவறு. மூன்று ஆண்டுகளாக அதன் முழுப் பலனும் உங்களுக்குக் கிடைத்திருக்காது. நீங்கள் இருப்பது காவிரிப் பாசனப் பகுதி என்பதால் பம்புசெட்டைக் கொண்டு விளக்குகிறேன். இரைப்பைச் சுவரின் செல்களில் அமிலத்தை இறைக்கும் மிகச் சிறிய பம்புகள் இருக்கின்றன. பான்டோப்ரசோல், ஒமேப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாமே இந்தப் பம்புகளைப் பூட்டும் மருந்துகள். ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இவற்றால் பூட்ட முடியும்; சும்மா நிற்கும் பம்பு இவற்றின் கைக்கு அகப்படாது. பம்புகள் மொத்தமாக ஓடத் தொடங்குவது நாம் சாப்பிடும்போது. மாத்திரையோ வயிற்றில் கரையாமல், குடலுக்குப் போய்க் கரைந்து, இரத்தம் வழியாகத் திரும்பி அந்தச் செல்களுக்கு வந்துசேர வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். வந்த மருந்தும் இரத்தத்தில் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் நிறைய நிற்காது. ஆகவே மருந்து வந்துசேரும் வேளையில் பம்புகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமானால், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக மாத்திரையை விழுங்கியிருக்க வேண்டும். இட்லியைச் சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால், மருந்து வரும்போது பம்புகளில் பல ஓய்ந்திருக்கும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமலே இருந்தாலும் இதே கதைதான். விரத நாட்களில் எந்த வேளை சாப்பிடுகிறீர்களோ அதற்கு அரை மணி முன்பாகப் போடுங்கள்.

குடலில்தான் கரைய வேண்டும் என்பதற்காகவே அந்த மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு கொடுத்திருக்கிறார்கள். விழுங்க முடியவில்லை என்று இரண்டாக உடைத்தோ, பொடித்து வெல்லத்தில் கலந்தோ, மென்றோ சாப்பிட்டால் இரைப்பையின் அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். முழுதாக ஒரு தம்ளர் தண்ணீரில் விழுங்க வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த சாப்பாட்டுக்கு முன் போட்டுக்கொள்ளலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. எரியும்போது மட்டும் எடுத்து விழுங்கினால் உடனே அடங்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு நாளும் சில பம்புகள் பூட்டப்பட்டு, இதன் பலன் முழுமையாகத் தெரிய மூன்று முதல் ஐந்து நாளாகும். திடீர் எரிச்சலுக்கு உடனே கேட்பது அமிலத்தை முறிக்கும் திரவ மருந்துதான்.

காலையில் உங்களுக்கு இன்னொரு சிக்கல் தைராய்டு மாத்திரை. அதுவும் வெறும் வயிற்றைக் கேட்கும் மருந்து. கால்சியம் அதைக் குடலிலேயே கட்டிப் போட்டு உறிஞ்சவிடாமல் செய்யும், காப்பியும் தடுக்கும். மூன்றையும் ஒன்றாகச் சிற்றுண்டிக்குப் பிறகு போட்டு வந்ததால் உங்கள் தைராய்டு அளவு சரியாக இருக்கிறதா என்ற ஐயமே எனக்கு வருகிறது. எழுந்ததும், ஐந்தரை மணி என்று வைத்துக்கொள்வோம், தைராய்டு மாத்திரையைத் தண்ணீரில் போடுங்கள். காப்பியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். கும்பகோணத்துக்காரரிடம் இதைக் கேட்பது கொஞ்சம் கடுமைதான் என்பது தெரியும். ஆறரைக்குப் பான்டோப்ரசோல், ஏழு மணிக்கு மேல் சிற்றுண்டி. கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு மாற்றிவிடுங்கள். கார்பனேட் வகைக் கால்சியம் உறிஞ்சப்பட அமிலம் வேண்டும் என்பதால், சிட்ரேட் வகைக்கு மாறலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அமிலம் குறைந்தால் தைராய்டு மருந்து உறிஞ்சப்படுவதும் குறையக்கூடும். ஆகவே பான்டோப்ரசோலின் அளவை மாற்றினாலும், நிறுத்தினாலும், இந்த நேர மாற்றத்துக்குப் பிறகும் ஆறு முதல் எட்டு வாரத்தில் தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தச் சோதனை செய்து பாருங்கள்.

மாத்திரைப் பட்டையில் பெயருக்குப் பின்னால் ‘டி’ என்றோ ‘டி.எஸ்.ஆர்.’ என்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதில் டொம்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது. வாந்திக்கும் குமட்டலுக்கும் சில நாட்கள் கொடுக்க வேண்டிய அது, இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடியது என்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2014ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 30 மி.கி.க்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று வரையறுத்தது. நம் ஊரில் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் இந்தச் சேர்க்கையைச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறேன். பான்டோப்ரசோல் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

காணொளியில் கேட்ட பயங்களுக்கு வருவோம். சிறுநீரகம் பற்றிச் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை அல்ல. இந்த வகை மருந்துகளால் சிறுநீரகத்தில் ஒருவித ஒவ்வாமை அழற்சி அபூர்வமாக வருவதுண்டு. அது யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால், நீண்ட நாள் சாப்பிடுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனை பார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீர் குறைவது, காரணம் தெரியாத காய்ச்சல், தோலில் தடிப்பு ஆகியவை வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் சிறுநீரகத்துக்கு அடிக்கடி கேடு செய்யக்கூடியது அந்த வலி மாத்திரைதான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஞாபகமறதிப் பயம், 2016ஆம் ஆண்டு ஜெர்மனியில் காப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு செய்த ஓர் ஆய்வுக்குப் பிறகு பரவியது. இந்த மாத்திரை சாப்பிட்ட முதியவர்களுக்கு மறதி நோய் கூடுதலாகக் காணப்பட்டது என்றது அது. ஆனால் நீண்ட நாள் இதைச் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே பல நோய்கள் உள்ளவர்கள். அந்த நோய்களால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று அப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. 2019ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வில், 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்து, பாதிப் பேருக்கு நீங்கள் சாப்பிடும் அதே பான்டோப்ரசோல் 40 மி.கி., மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்று சுமார் மூன்று ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். மறதியிலோ, நாள்பட்ட சிறுநீரக நோயிலோ, எலும்பு முறிவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குடல் தொற்று மட்டும் சற்றுக் கூடியது: நூற்றுக்கு 1 ஆக இருந்தது 1.4 ஆனது. அமிலம் என்பது உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லும் காவல் அல்லவா, அதனால் இது எதிர்பார்க்கக்கூடியதே. வெளியூர் போகும்போது தண்ணீரிலும் வெட்டி வைத்த பழங்களிலும் கவனமாக இருங்கள்.

மூன்று ஆண்டுகளையும் தாண்டி, தேவையில்லாமல் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆய்வு பதில் சொல்லாது. வைட்டமின் பி12 உணவிலிருந்து பிரிந்து வர அமிலம் தேவை. நீங்கள் சைவ உணவுக்காரராக இருந்தாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ அது குறைய இன்னும் வாய்ப்புண்டு. கால் மரத்துப் போகிறது, நடையில் தள்ளாட்டம் வருகிறது என்றால் பி12 பார்க்கச் சொல்லுங்கள். ஓராண்டுக்கு மேல் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு மெக்னீசியம் குறைந்து தசைப்பிடிப்பும் படபடப்பும் வருவதுண்டு. நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இவற்றைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தேவையுள்ளவருக்கு இந்த மருந்து உயிரைக் காக்கும் மருந்து. எண்பதுகளின் இறுதியில் ஒமேப்ரசோல் வந்த பிறகு புண்ணுக்கான அறுவை சிகிச்சைகள் மேலும் அரிதாயின. தேவை முடிந்த பிறகும் தொடர்வதுதான் என் கவலை. இரைப்பைப் புண்ணுக்கு எட்டு வாரம், லேசான எதுக்களிப்பு அழற்சிக்கும் நான்கு முதல் எட்டு வாரம் என்பது வழக்கமான அளவு. உங்களுக்கு எழுதிக் கொடுத்ததும் அநேகமாக அவ்வளவுதான் இருந்திருக்கும்.

நிறுத்தியபோது முன்னைவிட அதிகமாக எரிந்தது ஏன் என்றால், அமிலத்தை நீண்ட நாள் அடக்கி வைத்தால், உடம்பு அதை ஈடுகட்ட காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும். பூட்டைத் திடீரென்று எடுத்ததும் அமிலம் பழைய அளவையும் மீறிச் சில வாரங்கள் சுரக்கும். டென்மார்க்கில் 2009ஆம் ஆண்டு, வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாத 120 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். எட்டு வாரம் எசோமெப்ரசோல் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு அடுத்த வாரங்களில் எரிச்சலோ எதுக்களிப்போ வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 பேருக்கு மட்டுமே வந்தது. நோயே இல்லாதவருக்கு எட்டு வாரத்தில் இப்படி என்றால், மூன்று ஆண்டு சாப்பிட்ட உங்களுக்கு நான்காம் நாள் எரிந்ததை வைத்து ‘இது இல்லாமல் என்னால் முடியாது’ என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

நான் சொல்லும் வரிசை இது. இன்றே வலி மாத்திரையை நிறுத்தி, பான்டோப்ரசோலைச் சரியான நேரத்துக்கு மாற்றுங்கள். பழைய அறிக்கையோடும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளோடும், கத்தரித்த துண்டுகளையும் விடாமல், ஓர் இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள். எண்டோஸ்கோப்பிக்கும் கிருமிச் சோதனைக்குமாக இரண்டு வாரம் எப்போது நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும். அந்த நாட்களில் எரிந்தால் அமிலத்தை முறிக்கும் திரவ மருந்தை அவர் சொல்லும் அளவில் குடித்துச் சமாளிக்கலாம். கிருமிக்கு முழு மருந்தும் முடிந்து, புண் ஆறியதும் உறுதியான பிறகு, 40 மி.கி.யிலிருந்து 20க்கு இறங்கி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம் என்று மெல்ல இறங்கலாம். இரவுச் சாப்பாட்டை ஒன்பதரை மணித் தொடர் முடிந்த பிறகு என்று வைத்துக்கொள்ளாமல், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுவதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் கட்டை வைத்து உயர்த்துவதும், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் எதுக்களிப்புக்கு உண்மையாகவே உதவும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் அழுத்தும். அப்படியெல்லாம் செய்தும் எதுக்களிப்பு திரும்பத் திரும்ப வந்தால், அதை அடக்கி வைக்கும் மிகக் குறைந்த அளவில் மாத்திரையைத் தொடர்வதில் தவறில்லை. அப்போது அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

இதற்கெல்லாம் நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கெட்ட வாடையோடு போவது; இரத்தமாகவோ காப்பித்தூள் கலந்தது போலவோ வாந்தி வருவது; எழுந்து நின்றால் மயக்கம் வருவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கும்போது உணவு நெஞ்சில் சிக்குவதும், காரணமில்லாமல் எடை குறைவதும் வந்தால் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் பிஸ்மத்தும் மலத்தைக் கறுக்கச் செய்யும்; ஆனால் பிசுபிசுப்பும் அந்த வாடையும் இருக்காது.

உங்கள் கணவரைப் பற்றிக் கேட்டதை நான் கடைசியில் வைத்தது, அதைத் தனியாக நீங்கள் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக. அவருக்கு நான் சொல்வது உங்களுக்குச் சொன்னதற்கு நேர்மாறானது: அமிலத்தை அடக்கும் மாத்திரையை அவர் தானாக நிறுத்திவிடக் கூடாது. க்ளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் சேர்ந்து சாப்பிடுகிறவருக்கு இரைப்பையில் இரத்தக் கசிவு வரும் ஆபத்து அதிகம். அவற்றைச் சாப்பிடும் காலம் வரை அந்தக் காப்பு வேண்டும். ஆனால் ஒமேப்ரசோல் வேண்டாம். க்ளோபிடோக்ரெல் ஈரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். ஒமேப்ரசோலும் எசோமெப்ரசோலும் அந்த நொதியை மறித்து, ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கக்கூடியவை. பான்டோப்ரசோலில் இந்த மறிப்பு மிகக் குறைவு. அவருடைய இதய மருத்துவரிடம் இதைச் சொல்லி, அவர் கையால் சீட்டில் மாற்றி எழுதி வாங்குங்கள். அதுவரை இருப்பதையே தொடரட்டும். க்ளோபிடோக்ரெலையும் ஆஸ்பிரினையும் எந்தக் காரணம் கொண்டும் ஒருநாள்கூட அவராக விடக் கூடாது.

அவருக்கு ஒருநாள் நெஞ்சு எரிகிறது, கேஸ் அடைத்தது போல இருக்கிறது என்றால், உங்கள் மாத்திரையை எடுத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு வரும் நெஞ்செரிச்சலை, அதிலும் வியர்வையோ மூச்சுத்திணறலோ தாடையிலோ இடது கையிலோ வலியோ சேர்ந்து வந்தால், மாரடைப்பு இல்லை என்று ஈ.சி.ஜி. பார்த்த பிறகுதான் வயிற்றுக் கோளாறு என்று சொல்ல வேண்டும். உடனே 108ஐ அழையுங்கள்.